தாடையில் ஏறிய எடை

எடப்பாடியில் மணியன் வீட்டு நாற்காலி உடைந்தபோது அதில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் பையன் தர்ஷனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். காரை நிழல் பார்த்து நிறுத்திவிட்டு நான் கடைசியாக உள்ளே போனேன். அதற்குள் இருந்த நாற்காலியெல்லாம் நிரம்பிவிட்டது. பெண்ணின் அப்பா மணியன், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தறிப்பட்டறைக்கு ஓடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, தோள் துண்டால் பஞ்சுத் தூசியைத் தட்டி, "உக்காருங்க, உக்காருங்க" என்று போட்டார். உட்கார்ந்தேன். எல்லாரும் விறைப்பாக இருந்தார்கள். கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று ஒரு கோழி ஜோக் சொன்னேன். கோழிப்பண்ணைக்காரனிடம் வேறென்ன ஜோக் இருக்கும்? என் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவன் நான். பல இடங்களில் கடைசியாகச் சிரிப்பவனும் நானே. சிரித்தபடி பின்னால் சாய்ந்தேன். நாற்காலியின் பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் கிளம்பிப் போய்விட்டன.

கையிலிருந்த மிக்சர் தட்டு மணப்பெண்ணை நோக்கிப் பறந்தது. காபி, மணியனின் சலவை வேட்டிக்குப் போனது. நான் தரைக்கு வந்தேன்.

ஒருவர் சிரித்திருந்தாலும் நான் பிழைத்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. விழுந்தவர் எழுந்து உட்காரும்வரை விழாதவராகவே அவரை நடத்த வேண்டும். மணியன் வேட்டியில் காபி சொட்டச் சொட்ட, கீழே கிடந்த என்னைக் குனிந்து பார்த்துக் கேட்டார்.

"அப்பறம், முட்டை வெலையெல்லாம் எப்படிங்க இருக்குது?"

"பரவாயில்லீங்க. போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலைங்க" என்றேன், கிடந்தபடியே.

பெண் யுவஸ்ரீ மட்டும், தலைமுடியில் ஓமப்பொடியோடு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுதாளா சிரித்தாளா என்பது எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது நானும் மணியனும் கைகூப்பி, "ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க" என்று ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

திரும்பி வரும்போது காரில் என் மனைவி அறிவுச்செல்வி ஜன்னல் வழியாகக் கரும்புக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கரும்பைப் பார்க்கிறாள் என்றால் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று பொருள். சங்ககிரி தாண்டியதும் பின்சீட்டிலிருந்து தர்ஷன் மெதுவாகச் சொன்னான். "எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா."

அவன் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை. அதுவரை பார்த்த இடங்களில் அவன் சொல்வதற்கு முன்பே பெண் வீட்டார் சொல்லிவிடுவார்கள். பையன் பெங்களூரில் வேலையா என்று கேட்பார்கள். இல்லீங்க, சேந்தமங்கலத்தில் கோழிப்பண்ணை என்போம். உடனே காபி வந்துவிடும், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று. பெண்ணே கிடைக்காமல் முப்பதைத் தாண்டிய பையன்கள் எங்கள் ஊரில் ஒரு கிரிக்கெட் அணிக்கு மேல் இருக்கிறார்கள். யுவஸ்ரீ கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிற பெண். கோழிப்பண்ணை என்றதும் முகம் சுளிக்காமல், ஒரு கோழி தினம் எவ்வளவு தீவனம் தின்னும் என்று தர்ஷனிடம் கேட்டவள். இப்படி ஒரு பெண்ணின் தலையில்தான் நான் மிக்சரைக் கொட்டினேன்.

அந்தக் காலத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தால் மாப்பிள்ளை வீட்டார்தான் பதில் சொல்வார்கள். பெண்ணைப் பெற்றவர் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். இப்போது காலம் தலைகீழ். பெண் வீட்டார் சொல்லும்வரை நாங்கள் வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால், இந்தப் பையனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். கிடைக்கவில்லைதான். அது அவர்களுக்குத் தெரிய வேண்டுமா?

ஆகவே காத்திருந்தோம். ஆவணி போனது. எடப்பாடியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

இந்த இடத்தைச் சொன்னவன் அறிவுச்செல்வியின் தம்பி ரமேஷ்குமார். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கிறான். பெண்ணைக் காட்டிய கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு சத்தீஸ்கர் போய்விட்டான். போன் போட்டால் பாறை உடையும் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வரும்.

"மாப்ள, எடப்பாடிக்காரங்க ஏன் இன்னும் பதில் சொல்லல?"

"பொறுங்க மச்சான். அவிய சொல்லுவாங்க. நாமளாக் கேட்டா நல்லா இருக்காதுங்க."

"நீ அவருகிட்டப் பேசினயா?"

"பேசாமயா. எல்லாம் நல்லவிதமாப் பேசியிருக்கறனுங்க." அதற்குமேல் பாறை பேச ஆரம்பித்துவிடும்.

நேராக ஒரு பதில் வாங்க முடியாமல், நானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தேன். காரணம் என் எடைதான். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் பையனை மட்டும் பார்ப்பதில்லை, அப்பனையும் பார்ப்பார்கள். இருபத்தைந்து வருடம் கழித்துப் பையன் எப்படி ஆவான் என்பதற்கு அப்பன்தான் மாதிரி. நான் காட்டிய மாதிரி, நாற்காலியோடு தரையில் கிடந்தது. எந்தப் பெண் ஒத்துக்கொள்வாள்?

மறுநாள் பண்ணையில் தீவன மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். ஒரு மூட்டை தீவனத்தை வைத்து அதன்மேல் இரண்டு டஜன் கோழியை நிறுத்தினால் என்ன எடை வருமோ அது வந்தது. பண்ணை ஆட்கள் மரியாதையாகத் திரும்பி நின்று சிரித்தார்கள்.

அன்றைக்கே ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். அறிவுச்செல்விக்கும் இதில் முழுச் சம்மதம். போனில் யாரோ ஒரு அம்மா, சாப்பாட்டைக் கூழாகும்வரை மென்று விழுங்கினால் எடை குறையும் என்று சொன்னதை அவள் பார்த்திருக்கிறாள். காலையில் பச்சைக் கேரட். மத்தியானம் வேகாத பயறு. சாயங்காலம் வறுத்த மக்காச்சோளம். எங்கள் கோழிகளுக்குப் போடுகிற அதே சோளம், ஆனால் கோழிகளுக்கு அரைத்துப் போடுகிறோம். நான் அரைக்காமல் தின்றேன். நடுவில் பசித்தால் சூயிங்கம். காலையில் ஆரம்பித்த மெல்லுதல் விளக்கு வைக்கும்வரை ஓயாது. நான் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே என் வீட்டு எருமை தலையாட்டுவது, சக ஊழியரைப் பார்த்துச் செய்வது போலவே இருக்கும்.

எடை குறைந்தது. பொய் சொல்லக் கூடாது, மளமளவென்று குறைந்தது. புரட்டாசி முடிவதற்குள் ஆறேழு கோழி எடை போய்விட்டது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். ஐப்பசி பிறந்ததும் அந்தப் பெருமையோடு ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன்.

மண்டபத்தில் நான் உட்காரவில்லை. அப்போதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். தூணோரம் நின்றேன். தூரத்துப் பங்காளி ஒருவர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். மேலே மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார்.

"தமிழரசு, நல்லா ஒடம்பு போட்டுட்டயப்பா. மூஞ்சி இத்தனாம் பெருசாயிருச்சு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கல்யாண வீட்டில் பூசணிக்காயைத்தான் அப்படிக் காட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. மேலே என் பழைய நெற்றி, என் பழைய மூக்கு. கீழே மட்டும் யாரோ ஒரு பயில்வானின் தாடை. காதுக்குக் கீழே இரு பக்கமும் இரட்டை மஞ்சள் கரு முட்டையை ஒளித்து வைத்தது போல் புடைத்துக்கொண்டிருந்தது. முகம் சதுரமாகிவிட்டது.

இன்னும் எடை குறைய வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறென்ன முடிவு செய்ய முடியும்? கேரட் பாதியானது. சோளம் இரண்டு மடங்கானது. ஐப்பசி முடிவதற்குள் பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லாமல் வேட்டிக்கு மாறினேன். தோள்பட்டை எலும்பில் சட்டை தொங்கியது. தாடை மட்டும் தினமும் வளர்ந்தது. சலூன்காரர் சவரம் செய்துவிட்டு, முன்பைவிட இடம் அதிகமாகிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகுதான் விஷயம் கை மீறியது. உடம்பு வற்றி, முகம் மட்டும் வீங்கினால் அது கிட்னிதான் என்று டீக்கடையில் தீர்மானம் ஆனது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சாத்துக்குடிப் பையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் மழை, மருந்து, மக்காச்சோள விலை எல்லாம் பேசிவிட்டு, போகும்போது என் கையைப் பிடித்து, ஒன்றும் ஆகாது, மனதைத் தளர விடாதே என்றார்கள். ஒருவர் பண்ணையைப் பையன் பேரில் எழுதியாகிவிட்டதா என்று விசாரித்தார். எழுதாவிட்டால் அவருக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் இருக்கிறாராம்.

இந்தச் செய்தி எடப்பாடிக்குப் போனால் என்ன ஆகும்? முதலில் மாமனார் நாற்காலியை உடைப்பவர். இப்போது மாமனார் தை மாதம் வரை இருப்பாரா என்பதே சந்தேகம். மார்கழி வந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். தர்ஷன் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான். அது அடித்தால் சட்டென்று நிமிர்வான். தீவனக் கம்பெனி என்று தெரிந்ததும் மறுபடியும் குனிவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோளம் இறங்காது. இன்னும் நன்றாக மெல்லுவேன்.

தாடையை மறைக்கலாம் என்று தாடி வளர்த்தேன். சதுர முகம் இன்னும் அரை அங்குலம் அகலமானது. தாடி வைத்த தமிழரசுவைப் பார்த்தவர்கள் சாத்துக்குடியோடு ஆப்பிளும் கொண்டுவந்தார்கள்.

ஒருநாள் காலையில் அறிவுச்செல்வி காபி டம்ளரை என் கையில் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. ராத்திரி என்னத்தத் திங்கறீங்க?"

"பச்சத் தண்ணிகூடக் குடிக்கறதில்ல புள்ள."

"அப்ப அந்தச் சத்தம்?"

"என்ன சத்தம்?"

"தீவன மில்லு ஓடறாப்பல. கடக்குமுடக்குன்னு. ஊடே அதுருது. சோளத்தத் தலகாணிக்கடியில வெச்சுத் திங்கறீங்களோன்னு பெட்டு பூராத் தொலாவிட்டேன். ஒண்ணும் ஆம்படல. எங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க?"

நான் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. இவ்வளவு குறைத்துத் தின்றும் முகம் பெருக்கிறதென்றால் இடையில் எங்கோ களவு நடக்கிறது என்பது அவள் கணக்கு. கோழித் தீவனம் குறைந்தாலும் அவள் இப்படித்தான் கண்டுபிடிப்பாள். அன்றிலிருந்து சோள டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதன்பிறகும் மில் ஓடியது. பூட்டிய அலமாரியிலிருந்து சோளம் எப்படி வருகிறது என்று அவள் பயந்தே போனாள். எனக்கும் எழுந்திருக்கும்போது கன்னப்பொறி வலித்தது. கொட்டாவி விட்டால் காதோரம் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

கோழிகளுக்குத் தடுப்பூசி போட எங்கள் பண்ணைக்கு வரும் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். மனிதர் நல்லவர், ஆனால் இருபது வருடமாகக் கோழியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. என் தாடையை இரண்டு பக்கமும் பிடித்து, தலையைத் தூக்கி, கண்ணைப் பார்த்தார். கொஞ்சம் விட்டிருந்தால் கொண்டையையும் தேடியிருப்பார்.

"கோழியா இருந்தா ஒண்ணு சொல்லலாமுங்க" என்றார்.

"கோழின்னே வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

"எதையோ பார்த்துப் பயந்துபோயிருக்குது. தீவனத்தைக் கொறச்சீங்களா?"

"கொறச்சனுங்க."

"பயந்த கோழிக்குத் தீவனத்தையும் கொறச்சா எங்கீங்க உருப்படும்? நீங்க ஒரு பல்லு டாக்டரைப் பாருங்க. கோழிக்குப் பல்லு இல்லாததால எனக்கு அந்தப் பக்கம் பழக்கம் இல்ல."

நாமக்கல்லுக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். கிட்னியோடு பல்லும் சேர்ந்துகொண்டது என்று டீக்கடையில் புதுத் தீர்மானம் ஆகும். அதனால் யாருக்கும் தெரியாமல் சங்ககிரிக்குப் போனேன். கடைவீதியில் மாடிமேல் ஒரு பல் ஆஸ்பத்திரி. டாக்டர் தீபிகா என்று சின்ன வயதுப் பெண். முன்மேசையில் கிருத்திகா என்று ஒரு பெண் டோக்கன் கொடுத்து, போன் எடுத்து, வந்தவர்களின் ஊர், உறவு, வியாதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என் கன்னத்தில் விரலை வைத்து, பல்லைக் கடிக்கச் சொன்னார். கடித்தேன். "அம்மாடி" என்றார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி விரலை உள்ளே விட்டு, கடைவாய்ப் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. எடப்பாடியோ என்று நினைத்தேன். நினைத்ததும் தாடை தானாக மூடிக்கொண்டது. விரல் வெளியே வருவதற்கு அவகாசம் கொடுக்கவில்லை.

போனில், குறைந்த வட்டியில் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். டாக்டர் விரலை உதறிக்கொண்டு ஐஸ் தண்ணீர் கேட்டார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

"உக்காருங்க. வியாதி என்னன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அவர் சொன்னதை என் அறிவுக்கு எட்டியபடி சொல்கிறேன். காதுக்குக் கீழே இருப்பது கொழுப்பு இல்லை. மெல்லுகிற தசை. மனதில் பயமோ கவலையோ இருக்கிறவர்கள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார்கள். ராத்திரி முழுக்கத் தசைக்கு உடற்பயிற்சி. பயில்வானுக்குக் கை திரளுவதுபோல் எனக்குத் தாடை திரண்டுவிட்டது. பகலில் சோளத்தையும் சூயிங்கத்தையும் மென்று நானே வேறு அதற்குத் தீனி போட்டிருக்கிறேன். போதாததற்கு உடம்பு இளைத்ததும் கன்னத்திலிருந்த கொழுப்பு கரைந்து, தாடை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது.

"நீங்க எளைக்க எளைக்க மூஞ்சி பெருசாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். "பட்டினி கிடந்தா மனசு இன்னும் படபடக்கும். இன்னும் கடிப்பீங்க. முதல்ல போய் நல்லாச் சோறு சாப்பிடுங்க. ராத்திரி பல்லுக்கு மாட்டிக்க ஒரு உறை செஞ்சு தர்றேன். அது பல்லைத்தான் காப்பாத்தும். கடிக்கறதுக்குக் காரணத்தை நீங்கதான் தீர்க்கணும். அப்படி என்ன கவலை?"

சொன்னேன். நாற்காலி, மிக்சர், காபி வேட்டி எதையும் விடவில்லை. டாக்டர் சிரிப்பை அடக்கியதில் அவர் தாடைத் தசையும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

"இவ்வளவுதானே? பொண்ணோட அப்பாவுக்குப் போன் போட்டு நேராக் கேட்டுருங்களேன்."

வேட்டி இல்லாமல் சங்ககிரிக் கடைவீதியில் நடந்துவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு திகைத்திருக்க மாட்டேன். அதெல்லாம் எங்கள் பக்கம் வழக்கமில்லை என்றேன். அவர் என் பல்லுக்கு அச்சு எடுத்துக்கொண்டு, உறையை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அறிவுச்செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, சோள டப்பாவை எடுத்துக் கோழித் தீவனத்தில் கொட்டினாள். அன்று மத்தியானம் வெள்ளைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்தாள்.

"இத்தன வெசனத்த வெச்சுக்கிட்டு எங்ககிட்ட ஜோக்கு சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது. மிளகாய்க் காரம் என்றாள்.

சோறு உள்ளே போனதும் கொஞ்சம் தைரியம் வந்தது. டாக்டர் சொன்னதைச் செய்துவிடலாம் என்று பண்ணைக்குப் பின்னால் தனியாகப் போய், மணியன் நம்பரை அழுத்தினேன். ஒரே ஒரு மணி போனது. அதற்குள் தாடை இறுகி, விரல் தானாகப் போனை அணைத்துவிட்டது. எடுத்திருந்தால் என்னவென்று ஆரம்பிப்பது? முட்டை விலையைப் பற்றியா?

சாயங்காலம் எடப்பாடியிலிருந்து ஒரு மணி அடித்து நின்றது. எனக்கு இருதயமே நின்றது. தர்ஷனிடம் காட்டினேன். அவன் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாக்கெட்ல கை பட்டிருக்குமுங்கப்பா" என்றான். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். மூன்று நாள் கழித்து, என் கையும் பாக்கெட்டில் பட்டுவிட்டது. மறுநாள் அவர் கை பட்டது. இப்படியாக எங்கள் பாக்கெட்டுகள் மட்டும் பேசிக்கொண்டிருக்க, கார்த்திகை பாதி ஓடிவிட்டது. ரமேஷ்குமாரைக் கூப்பிட்டால், பொறுங்க மச்சான், அவிய சொல்லுவாங்க என்று அதே பாறை, அதே பதில்.

பல் உறை வாங்குவதற்காகச் சங்ககிரி போனேன். போகிற வழியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இன்றோடு எடப்பாடியை மறந்துவிட வேண்டியது. தர்ஷனிடம் நானே சொல்ல வேண்டியது. எப்படிச் சொல்வது என்று காரில் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பாதியில் பல்லைக் கடித்தேன்.

டாக்டர் உள்ளே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். கிருத்திகா போனில் பேசியபடியே மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, மாட்டிப் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினாள். சுவரிலிருந்த கண்ணாடி முன்னால் நின்று மாட்டினேன். ஏறவில்லை. அழுத்தினேன். ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் எழும்பியது. பெரிதாக இருந்தது. இரண்டு கட்டை விரலாலும் தள்ளினேன்.

"ஐயா, ஐயா, இருங்க. ஒடச்சுப்போடாதீங்க" என்று கிருத்திகா போனை வைத்துவிட்டு ஓடி வந்தாள். டப்பாவைத் திருப்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மாத்திக் குடுத்துட்டனுங்க. இது இன்னொருத்தருது. அவரும் இன்னிக்குத்தான் வாங்க வாரேன்னு சொல்லியிருக்கறாரு. குடுங்க, அவரு வர்றதுக்குள்ள கழுவி வெச்சுர்றேன்."

உறையைக் கழற்றிக் கொடுத்தேன். எனக்குள் ஒரு சின்ன ஆறுதல். இந்த உலகத்தில் இன்னொரு தீவன மில்லும் ஓடுகிறது.

"அவருக்கும் என்னாட்டமே தாடையாம்மா?"

"உங்குளுது தேவலைங்க. அவருக்கு இன்னும் பெருசு. பாவம், ஆளு ஈர்க்குச்சியாட்டம் ஆயிட்டாரு, மூஞ்சி மட்டும் மொறமாட்டம் இருக்குது."

"அவருக்கு என்ன வெசனமாம்?"

மூன்று மாதமாக நான் யாரிடம் என்ன கேட்டாலும் மழையையும் மக்காச்சோளத்தையும் சுற்றி வந்துதான் பதில் வரும். கிருத்திகா அப்படியெல்லாம் சுற்றவில்லை. மேசைக்கு அடியில் என் டப்பாவைத் தேடிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அவரு எடப்பாடிக்காரருங்க. பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையோட அப்பாவுக்கு, தறிப்பட்டறையில ஒதுக்கிப் போட்டிருந்த ஒடைஞ்ச சேரைத் தெரியாம எடுத்துப் போட்டு, மனுசனைக் கீழ உழ வெச்சுட்டாருங்களாம். அந்தக் கோவத்துலதான் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லலீன்னு ராத்திரியெல்லாம் பல்லக் கடிச்சுட்டுக் கெடக்கறாருங்க."